கோழிகளைத் தாக்கும் மேரக்ஸ் நோய்

வளரும் கோழி ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் நீட்டிப் படுத்துக் கிடந்தால், மேரக்ஸ் நோயோ எனச் சந்தேகிக்க வேண்டும். இறக்கை தொங்குதல், உடல் மெலிதல், கண்ணின் நிறம் சாம்பலாக மாறுதல் ஆகியவையும் இதன் அறிகுறிகள். பெரும்பாலும் 8 முதல் 20 வார வயதில் வருவதால், தீவனச் செலவெல்லாம் செய்து, முட்டைக்கு வரும் தருவாயில் கோழிகளை இழக்க நேரிடுகிறது. இறந்த கோழியை அறுத்துப் பார்த்தால் கல்லீரல், மண்ணீரலில் கட்டிகளும், தடித்த தொடை நரம்பும் தெரியும்.

கட்டி உண்டாவது எப்படி?

1907-இல் ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் மாரெக் விவரித்த இந்நோய்க்குக் காரணம், ஹெர்பிஸ் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுயிரி. உடலின் ஒவ்வொரு உயிரணுவும், தனக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்க உத்தரவுச் சீட்டு போன்ற ஆர்.என்.ஏ.யைப் பயன்படுத்துகிறது. சுமார் 22 எழுத்துகளே கொண்ட மைக்ரோ ஆர்.என்.ஏ. இச்சீட்டில் ஒட்டி, உத்தரவை அடக்கிவிடும். எந்தப் புரதம் எவ்வளவு வேண்டும் என்பதை உடல் இவ்வாறு கட்டுப்படுத்துகிறது.

மேரக்ஸ் நச்சுயிரியோ தானும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைத் தயாரிக்கிறது. அவற்றில் எம்-4 என்பது, கோழியின் வெள்ளை அணுக்களில் உள்ள 155 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ.யைப் போலவே வேலை செய்யும். அதனால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிக் கட்டியாகின்றன. 2011-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், வீரியமிக்க நச்சுயிரி ஒன்றிலிருந்து எம்-4-ஐ நீக்கினார்கள். நச்சுயிரி கோழியின் உடலில் பெருகியது. ஆனால் கட்டி உண்டாகவில்லை. பெருகுவது வேறு, கொல்வது வேறு என்பது இதனால் விளங்கும்.

பண்ணையாளர் செய்ய வேண்டியது

தடுப்பூசியும் இப்படித்தான். அது கட்டியைத் தடுக்கும். நச்சுயிரி உள்ளே நுழைவதை முற்றிலும் தடுக்காது. ஊசி போட்ட கோழியும், நல்ல நிலையில் தோன்றினாலும், இறகுப் பொடி மூலம் நச்சுயிரியைப் பரப்பலாம். ஆகவே:

1. ஒரு நாள் குஞ்சிலேயே மேரக்ஸ் ஊசி போடப்பட்டதா எனக் குஞ்சு பொரிப்பகத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. ஊசியின் பலன் கிடைக்கச் சுமார் ஒரு வாரமாகும். அதுவரை குஞ்சுகளைப் பெரிய கோழிகளுடன் சேர்க்காதீர்கள்.

3. கொட்டகைத் தூசியில் நச்சுயிரி பல மாதம் உயிருடன் இருக்கும். பழைய கூளத்தை அகற்றி, கழுவி, கிருமிநாசினி தெளித்த பிறகே புதுக் குஞ்சுகளை விடுங்கள்.

4. நோய் கண்ட கோழியைக் குணமாக்க மருந்தில்லை. உடனே பிரித்துவிட்டு, இறந்ததை ஆழப் புதைத்து, கால்நடை மருத்துவரை அணுகுங்கள்.

ஊசியும் சுத்தமும் சேர்ந்தால்தான் பண்ணைக்குப் பாதுகாப்பு.