ஊசித்தட்டானில் ஒட்டிய சிவப்பு மணிகள்

கேள்வி: நயினார்குளத்து ஓரம் வாளியில் கோரிய தண்ணீரில் கடுகளவு பூச்சி ஒன்று, ரத்தச் சிவப்பாக, எட்டுக் காலோடு நீந்தியது. அங்கேயே பிடித்த ஊசித்தட்டானின் அடியிலும் அதே நிறத்தில் மணி மணியாக ஒட்டியிருந்தன. இரண்டும் ஒன்றா? போட்டோ அனுப்பியிருக்கிறேன், என்ன இனம் என்று சொல்லுங்கள்.
— வாசகர், தச்சநல்லூர்

பதில்: இரண்டும் நீர்ச்சிற்றுண்ணிகள்தான். மழை விட்டதும் கரிசலில் ஊரும் சிவப்புப் பட்டுப்பூச்சிக்கு நெருங்கிய உறவு. ஆனால் ஒரே இனமாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

தட்டானில் இருப்பவை பெரும்பாலும் அரெனூரஸ் பேரினத்தின் ஆறுகால் குஞ்சுகள். நீருக்குள் தட்டானின் இளம்பருவத்தைத் தேடிப்பிடித்துத் தொற்றிக்கொள்ளும். தட்டான் தோலுரித்து வெளியேறும் அந்தச் சில நிமிடத்தில் புது உடம்புக்குத் தாவி, உடல்நீரை உறிஞ்சிப் பருக்கும். தட்டான் முட்டையிடத் தண்ணீருக்கு வரும்போது உதிர்ந்துவிடும். பிறகுதான் எட்டுக்கால் பருவம்.

வாளியில் நீந்தியதை மறுபடி பாருங்கள். பின்னங்கால் இரண்டும் அசையாமல் இழுபட்டு வந்தால் அது ஐலாயிஸ். பத்து மடங்கு லென்ஸில் அதன் கண்கள் முதுகின் நடுவே, மூக்குக்கண்ணாடி போலச் சிறு பாலத்தால் இணைந்து தெரியும். ஐலாயிஸின் குஞ்சுகள் நீர்வண்டுகளிலும் நீர்மூட்டைகளிலும் ஒட்டுபவை, தட்டானில் அல்ல. அரெனூரஸுக்கோ உடல் ஓடுபோலக் கெட்டி. ஆணுக்குப் பின்புறம் வால்போல நீளும்.

நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பு பல பேரினங்களுக்குப் பொது. ஆல்கஹாலில் போட்டால் வெளுத்தும் போகும். உலகில் 6,000க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கும்போது முதுகுப்பக்கப் போட்டோவை வைத்துப் பெயர் சொல்வது தவறு. மல்லாத்திப் போட்டு, கால் தொடங்கும் நான்கு இணைத் தகடுகளையும் இனப்பெருக்கத் துளையைச் சுற்றியுள்ள கிண்ணக்குழிகளையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். வாயோர உணர்கொம்பில் ஐந்து கணுக்கள். அவற்றின் வடிவம் மிக முக்கியம். அரெனூரஸில் ஆண் கிடைக்காவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. நமக்கு இன்றும் அடிப்படை நூல் டேவிட் குக் 1967ல் இந்திய நீர்ச்சிற்றுண்ணிகள் பற்றி வெளியிட்டது. உலகப் பேரினங்களுக்கு அவரே 1974ல் எழுதியது.

பாடம் செய்ய கிளிசரின், அசெட்டிக் அமிலம், தண்ணீர் கலந்த கோனிகே திரவம் நல்லது, உடல் விறைக்காது. டிஎன்ஏ பார்ப்பதானால் மட்டும் தூய ஆல்கஹால்.

உங்களிடம் நான் கேட்பது வேறொன்று. வளர்ந்த உண்ணியை வைத்துப் பெயரிட்ட பல இனங்களுக்கு அதன் குஞ்சு எது என்றே தெரியாது. அந்தத் தட்டானின் வயிறு தண்ணீரில் படும்படி ஒரு பாட்டிலில் சற்று நேரம் வையுங்கள். பருத்த குஞ்சுகள் தாமே உதிரும். தட்டானை விட்டுவிடலாம். குளத்து நீரும் பாசியும் அதிலுள்ள ஓட்டுக்கணுக்காலிகளும் போட்டு வளருங்கள். அரெனூரஸுக்கு அவைதான் இரை. ஆண் ஒன்று தேறினால் குஞ்சு, வளர்ந்தது இரண்டையும் தட்டானின் பெயர், இடம், தேதி எழுதிய சீட்டோடு சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு அனுப்பிக் கேளுங்கள்.