கைப்பேசியும் கற்கும் மனமும்

கல்வியில் அறிவு மட்டும் இயங்குவதில்லை. உணர்ச்சிகளும் உடன் இயங்குகின்றன. ஜெர்மானிய உளவியலறிஞர் ரெய்ன்ஹார்ட் பெக்ருனும் அவர்தம் குழுவினரும் 2002-ஆம் ஆண்டு இவற்றை ஆராய்ந்துரைத்தனர். மகிழ்ச்சி, நம்பிக்கை, பெருமிதம், நிம்மதி ஆகியவை ஒருபுறம். சினம், அச்சம், நாணம், நம்பிக்கையின்மை, சலிப்பு ஆகியவை மறுபுறம்.

இவற்றுக்கும் சமூக ஊடகப் பற்றுக்கும் தொடர்பு யாது? கடினமான கணக்கு வருகிறது. சலிப்பும் அச்சமும் எழுகின்றன. அவற்றினின்று தப்ப மாணவர் கைப்பேசியை எடுக்கின்றனர். இன்ஸ்டாகிராமில் காட்சிகள் முடிவின்றி உருள்கின்றன. அடுத்தது சுவையாயிருக்குமோ என்னும் எதிர்பார்ப்பே பிணிக்கும் கயிறு. ஒரு மணி நேரம் கழிகிறது. கணக்கோ அப்படியே கிடக்கிறது. அச்சத்தோடு இப்போது நாணமும் சேர்கிறது. அதை மறக்க மீண்டும் கைப்பேசி! இவ்வாறு காரியமே மறுபடி காரணமாகிறது. ஒன்றைப் பற்றி நின்று ஆராய வேண்டிய சிந்தனையோ, நொடிக்கொரு காட்சிக்குத் தாவுகிறது.

பள்ளி காணாத நம்மிற் பலர் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியுள்ளோம். அவர்தம் கல்வி இச்சுழலில் அழியலாகாது. வைதலாற் பயனில்லை, வசை நாணத்தையே வளர்க்கும். படிக்கும் வேளையில் கைப்பேசி தாயிடம் இருக்கட்டும். கடினமான பாடத்தைச் சிறு கூறுகளாக்கி, ஒன்றை முடிக்கச் செய்வோம்; அதன் பெருமிதமே அடுத்ததற்கு நம்பிக்கை தரும். கைப்பேசியை நோக்கிக் கை நீளும்போதெல்லாம், "என்னுள் எழுந்தது சலிப்பா, அச்சமா?" எனத் தம்மையே வினவ அவர்களைப் பழக்குவோமாக.