மருந்துக்கடையில் கேட்கப்படும் ஒரு கேள்வி

உழவர்கரையில் கூலி வேலைக்குச் செல்வோர் பலர் காயம்பட்டால் முதலில் நாடுவது தெருமுனை மருந்துக்கடையைத்தான். நாய்க்கடிக்குக் களிம்பு கேட்பவரிடம், “தடுப்பூசி போட்டீர்களா?” என மருந்தாளுநர் கேட்பது உயிர் காக்கும் கேள்வியாகும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் பிழைத்தல் மிக அரிது.

கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்குத் தடுப்பூசி இலவசம். இரத்தம் கசிந்த காயமெனில், இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படலாம்.

தசையில் போடப்படும் முறையில், முதல் ஊசி நாளை 0 எனக் கொண்டு 3, 7, 14, 28 ஆம் நாள்களிலும் ஊசி தொடரும். காயம் ஆறியதென்று இடையில் நிறுத்தாதீர்கள். மருந்து வாங்கச் செல்லும்போது ஊசி அட்டையை மருந்தாளுநரிடம் காட்டுங்கள். விடுபட்ட தவணையை அவர் நினைவூட்டுவார்.