விண்வெளிக்குப் போகும் உடம்பு

புத்தலப்பட்டிலிருந்து திருப்பதி போகிறோம். அங்கிருந்து நாயுடுபேட்டை, பிறகு சூலூர்பேட்டை. அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. நம் நாட்டு ராக்கெட்டுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அவற்றில் மனிதர்களை அனுப்பவும் ஏற்பாடு நடக்கிறது. இந்தத் திட்டத்தின் பெயர் ககன்யான்.

ராக்கெட் செய்தால் மட்டும் போதாது. போகிறவரின் உடம்பையும் தயார் செய்ய வேண்டும். ஏன்?

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கிறோம். கால்கள் குடத்தை மட்டுமா தாங்குகின்றன? நம் உடம்பையும் சேர்த்துத் தாங்குகின்றன. பூமி நம்மைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. எலும்பும் தசையும் அந்த இழுப்பைத் தாங்கித் தாங்கியே உறுதியாக இருக்கின்றன. கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவரைப் பார்த்திருப்பீர்கள். கட்டைப் பிரித்ததும் அந்தக் கால் மட்டும் மெலிந்திருக்கும். வேலை இல்லாத கால் அப்படித்தான் ஆகும்.

விண்வெளியில் உடம்பு முழுவதற்கும் இதே கதி. அங்கே எடை தெரியாது. எல்லோரும் மிதக்கிறார்கள். உடற்பயிற்சி செய்யாவிட்டால் இடுப்பு எலும்பு மாதத்துக்கு 100-இல் 1 பங்குக்கு மேல் தேயலாம். காலில் இருக்க வேண்டிய இரத்தமும் நீரும் தலைப்பக்கம் ஏறுகின்றன. முகம் உப்புகிறது. முதல் சில நாட்கள் பலருக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வரும். திருமலைக்குப் பேருந்தில் ஏறும்போது சிலர் படும் பாடு நமக்குத் தெரியுமே!

விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் ராகேஷ் சர்மா. விமானப்படை விமானி. 1984 ஏப்ரல் 3-ஆம் நாள் சோவியத் ராக்கெட்டில் போனார். அதற்கு முன் அவரைப் பெங்களூரில் ஓர் அறைக்குள் 72 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். அடைத்த இடத்தில் அவருக்குப் பயம் வருகிறதா என்று பார்ப்பதற்காக! பிறகு மாஸ்கோ அருகே பயிற்சி. விண்வெளியில் அவர் யோகாசனமும் செய்து பார்த்தார்.

ககன்யானுக்கு 4 விமானிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி தர ஒரு பெரிய சுழல் எந்திரம் உண்டு. திருவிழா ராட்டினம் போலச் சுற்றும். ஆனால் விளையாட்டல்ல. வேகம் கூடக்கூட, மார்பில் அம்மிக்கல்லை வைத்தது போல அழுத்தும். மூச்சு விடுவதே கடினம். ராக்கெட் கிளம்பும்போதும் திரும்பி இறங்கும்போதும் இந்த அழுத்தம் இருக்கும். அதற்கு உடம்பை முன்பே பழக்குகிறார்கள்.

மேலே போன பிறகும் பயிற்சி நிற்பதில்லை. சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூனில் போனார். சில நாட்களில் திரும்ப வேண்டியவர், 286 நாட்கள் தங்க நேர்ந்தது. அங்கே தங்குபவர்கள் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்ய வேண்டும். ஓடுவதற்கு ஓர் எந்திரம் இருக்கிறது. மிதந்து போய்விடாமல் இருக்கத் தோளிலும் இடுப்பிலும் பட்டை கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

ககன்யான் விமானிகளில் ஒருவரான சுபான்ஷு சுக்லா, 2025 ஜூன் 25-ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து போனார். விண்வெளி நிலையத்தில் 18 நாட்கள் இருந்தார். பச்சைப்பயறும் வெந்தயமும் அங்கே முளைக்கின்றனவா என்று சோதித்தார். எடை இல்லாத இடத்தில் தசை ஏன் மெலிகிறது என்ற ஆய்விலும் பங்கெடுத்தார்.

திரும்பி வந்ததும் அவருக்குக் கைபேசியே கனமாகத் தெரிந்ததாம். ஒரு நாள் கட்டிலில் இருந்தபடி, மிதக்கும் என்ற நினைப்பில் மடிக்கணினியைப் பக்கத்தில் தள்ளிவிட்டார். அது தொப்பென்று விழுந்தது. நல்ல வேளை, தரையில் விரிப்பு இருந்தது.