மவுஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்

வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், உதவித்தொகை எனப் பல விண்ணப்பங்கள் இணையத்துக்கு வந்துவிட்டன. தளம் ஒழுங்காக இருந்தால் பார்வையற்றவர் யார் தயவுமின்றித் தாமே விண்ணப்பிப்பார். இல்லையென்றால் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் அடுத்தவரிடம் சொல்லி நிற்க வேண்டும். இந்த நிலை சட்டத்துக்கே விரோதமானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. அரசுத் தளத்தைப் பராமரிப்பவர்கள் செய்ய வேண்டியது இதுதான்.

முதலில் மவுஸைக் கழற்றி வையுங்கள். டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளை மட்டும் கொண்டு ஒரு விண்ணப்பத்தை முழுமையாக அனுப்பிப் பாருங்கள். எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தேதி தேர்வு செய்யும் நாள்காட்டியில்தான் பெரும்பாலும் சிக்குவீர்கள். தேதியைத் தட்டச்சு செய்யவும் வழி வையுங்கள். கை நடுங்குபவர்களுக்கும் இது உதவும்.

அடுத்து, என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை நிறுவி, திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் நிரலில் லேபிள் இணைக்கப்படாவிட்டால், பல இடங்களில் எதை நிரப்புவது என்றே அது சொல்லாது. பிழையைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல், ‘பின்கோடு 6 இலக்கம் இருக்க வேண்டும்’ என்று எழுத்தில் சொல்லுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்குள் இருப்பதோ தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும். திரைவாசிப்பான் அவற்றைத்தான் வாசிக்கும். எனவே பழைய பக்கங்களையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றியபின் பக்கத்தின் மொழி தமிழ் என நிரலில் குறிப்பிடுங்கள். அப்போதுதான் தமிழ்க் குரல் தானாக வரும். அரசாணையை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றுவதும், அறிவிப்பைப் படமாகப் போடுவதும் இதே குற்றம்தான். தட்டச்சு செய்த கோப்பு அலுவலகத்தில் இருக்கும்போது அதை அச்சிட்டு, ஸ்கேன் செய்து ஏற்ற எந்த நியாயமும் இல்லை.

நெளிந்த எழுத்துகளைக் காட்டும் கேப்சாவை எடுத்துவிடுங்கள். ஒலி வடிவம் சேர்த்தால் போதும் என்பார்கள். பார்வையும் செவியும் குறைந்தவர் அப்போதும் வெளியேதான் நிற்பார். மொபைல் ஓடிபி இருக்கும் இடத்தில் கேப்சாவுக்குத் தேவை அரிது. நேரம் முடிந்து தளம் வெளியேற்றும் முன் எச்சரித்து, நீட்டிக்க வாய்ப்புக் கொடுங்கள்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கட்டும். காணொளிகளுக்குத் தமிழில் எழுத்துரை வேண்டும்.

மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானை ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அந்த வசதி உலாவியிலேயே இருக்கிறது. தானியங்கிச் சோதனைக் கருவிகளும் பிழைகளில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். ஒப்பந்தப்புள்ளி எழுதும்போதே, பார்வையற்றோர், காதுகேளாதோர், கை இயக்கம் குறைந்தோர் ஆகியோருக்கு ஊதியம் கொடுத்து அவர்களைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேருங்கள். அவர்கள் விண்ணப்பத்தைத் தனியாக அனுப்பி முடிக்கும்வரை ஒப்பந்ததாரருக்கு இறுதித் தவணையை விடுவிக்காதீர்கள்.