சிறையிலிருந்து வருபவனும் மெதடோன் மருந்தும்

சிறையில் இரண்டு வருஷம் அடைபட்டிருந்தவன் ஹெரோயினை மறந்தே வெளிவருவான் என்று நம் வியாபார சகோதரர்களில் பலர் எண்ணுகின்றனர். பத்துமலைக் கடைத்தெருவிலும் இப்பேச்சையே கேட்கிறோம். விஷயம் அப்படியன்று. உள்ளே இருக்கையில் உடம்பின் தாங்கும் சக்திதான் குறைகிறதேயன்றி, மூளையில் பதிந்த வேட்கை போவதில்லை. வெளியே வந்தவன் பழைய அளவையே ஏற்றிக்கொள்ளுகிறான், சுவாசம் அடங்கிவிடுகிறது. விடுதலைக்குப் பின் முதல் இரண்டு வாரங்களில்தான் இவ்வித மரணம் மிகுதி எனப் பல தேசத்து ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

ஒரு காலத்தில் இம்மலாயாவில் சர்க்காரே சண்டு விற்று வருமானம் திரட்டியது! பிறகு தடையும், 1952ல் அபாய மருந்துச் சட்டமும் வந்தன. 2005ல்தான் மலேசிய சுகாதார அமைச்சு மெதடோன் சிகிச்சையைத் தொடங்கிற்று. 2008ல் கிளந்தான் பெங்காலான் செப்பா சிறையில் கைதிகளுக்கும் அது கிடைத்தது. பின்னர் காஜாங் முதலிய சிறைகளுக்கும் பரவிற்று.

மெதடோன் வாயால் குடிக்கும் மருந்து. ஹெரோயின் சில மணி நேரத்தில் இறங்கி மனிதனை மறுபடி விரட்டும். இதுவோ ஒரு வேளை குடித்தால் ஒரு நாள் தாங்கும். அளவு சரியாயிருந்தால் போதை ஏறாது, நடுக்கமும் வராது. கந்துவட்டியில் சிக்கியவனுக்குக் கடனைத் தவணையாக்கிக் கொடுப்பது போல என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இதுவும் அபின் இனத்தைச் சேர்ந்ததே; குறைந்த அளவில் தொடங்கி வைத்தியர்தான் ஏற்ற வேண்டும். மலேசியக் கைதிகளிடையே நடந்த ஓர் ஆய்வில், விடுதலையாகும்போது நாளொன்றுக்கு 80 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்றவர்களே வெளியிலும் சிகிச்சையில் அதிகம் நிலைத்தார்கள். குறைவாகக் கொடுத்தனுப்புவது சிக்கனமாகாது.

ஒரு ஹராமுக்குப் பதில் இன்னொரு ஹராமா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். 2010ஐ ஒட்டி, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தருகே உள்ள அர்ரஹ்மான் மஸ்ஜிதிலேயே, தொழுகையும் மார்க்க போதனையும் சேர்த்து இம்மருந்து கொடுக்கப்பட்டது. வைத்தியரும் ஆலிம்களும் கூடிச் செய்த காரியம் அது.

இனி நம் பங்குக்கு வருவோம். வெளியே வந்தவன் மறுநாளே கிளினிக் போக வேண்டும். கிளினிக் நேரமும் கடை நேரமும் ஒன்றே. முதலாளியிடம் சொன்னால் வேலை போகும் என்று அஞ்சி மருந்தை விடுகிறான். உள்ளே பட்ட பாடெல்லாம் அங்கேயே வீணாகிறது. உடனே கல்லாவில் உட்கார வைக்கும்படி நாம் சொல்லவில்லை. மூட்டை இறக்கவும் சாமான் அடுக்கவும் ஆள் தேவைப்படாத கடை ஏது? காலையில் ஒரு மணி நேரம், சம்பளத்தில் பிடிக்காமல், அவனை விட்டால் போதும்.