பின் ஆக்ஸில் சூட்டைப் பாருங்கள், கியர் எண்ணெய்ச் செலவைக் குறையுங்கள்

ஹைலக்ஸ், ஹையேஸ் வேன், சின்ன லோரி என்று ஏதாவது ஒன்றை வாசலில் நிறுத்திப் பிழைக்கும் குடும்பங்கள் ஜொகூர் பாருவில் ஏராளம். 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்குத் தாவிய பிறகு, வண்டிச் செலவை எண்ணிப் பார்க்காத வீடே இல்லை. எஞ்சின் எண்ணெயைத் தவறாமல் மாற்றும் பலர், பின் ஆக்ஸிலுக்குள் கிடக்கும் கியர் எண்ணெயை மறந்துவிடுவார்கள். வேறு சிலர் நன்றாக இருக்கும் எண்ணெயையே வடித்துக் கொட்டிவிடுவார்கள். அது எவ்வளவு சூடேறுகிறது என்று பார்த்து வந்தால் இரண்டு நஷ்டமும் வராது.

1. உங்கள் வண்டிக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள். மைவி, சாகா, அல்சா எல்லாம் முன்சக்கரத்தில் ஓடுபவை. பின்னால் பல்சக்கரமும் இல்லை, அதற்கு எண்ணெயும் இல்லை. ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ஹையேஸ், பழைய அவான்ஸா, லோரி ஆகியவற்றுக்கு உண்டு. பெரோடுவா அருஸும் பின்சக்கர வண்டிதான், அதை மறந்துவிடாதீர்கள்.

2. தூரத்திலிருந்தே சூட்டைக் காட்டும் துப்பாக்கி மாதிரியான வெப்பமானி ஒன்று ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள். கோவிட் காலத்தில் நெற்றிக்குப் பிடித்தது இதற்கு உதவாது. அது உடம்புச் சூட்டை மட்டும்தான் காட்டும். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வண்டிக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் செலவு தெரியாது.

3. அதே வெப்பமானி அடுப்படிக்கும் ஆகும். தோசைக்கல் 180 டிகிரிக்கு வந்ததும் மாவை ஊற்றினால் முதல் தோசையே ஒட்டாமல் எழும்பும். பட்டறைக் கையோடு எடுத்து வந்தால் மட்டும் துடைத்துவிட்டுப் பிடியுங்கள்.

4. ஆக்ஸில் நடுவில் உருண்டையாக வீங்கியிருக்கும் பகுதியின் கீழ்ப்பக்கம்தான் எண்ணெய் தேங்கும் இடம். அங்கே சேற்றைச் சுரண்டிவிட்டு, சூடு தாங்கும் மங்கிய கறுப்புப் பெயின்டில் ஐம்பது சென் காசு அளவுக்கு ஒரு புள்ளி வையுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அடித்தால் வெப்பமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

5. ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள், போதும். தள்ளிப் பிடித்தால் புள்ளியோடு பக்கத்துப் புகைக்குழாய்ச் சூடும் சேர்ந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே குனியுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

6. கடற்பால நெரிசலில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து வந்த கையோடு அளந்து, சூடே இல்லை என்று மகிழ்ந்துவிட வேண்டாம். நின்று நின்று போகும்போது கொதிப்பது எஞ்சின்தான். ஆக்ஸிலுக்கு அங்கே வேலை குறைவு. பாரத்தோடு வேகமாக ஓடும்போதுதான் பல்லோடு பல் அழுந்தி வழுக்கிச் சூடேறும். அதனால் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரமாவது ஒரே சீராக ஓட்டி, மாச்சாப்பிலோ பாகோவிலோ தேநீருக்கு இறங்கும்போது அளப்பதுதான் சரியான கணக்கு.

7. எப்போதும் நிறுத்திய ஐந்து நிமிடத்துக்குள் அளந்துவிடுங்கள். ஒரு நாள் உடனே, இன்னொரு நாள் சாப்பிட்டுவிட்டு என்று அளந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. மழையில் ஓடி வந்த நாளில் அளக்கவே வேண்டாம். தெறிக்கும் தண்ணீர் ஆக்ஸிலைக் குளிர வைத்திருக்கும்.

8. மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள். தேதி, மீட்டர், ஏற்றிய பாரம், போன பாதை, வெளிச்சூடு, ஆக்ஸில் சூடு, இந்த ஆறும் போதும். கேமரன், கெந்திங் ஏற்றம் ஏறி வந்த நாளைத் தனியாக வட்டமிட்டு வையுங்கள். ஜொகூரின் சமதளச் சாலையோடு அதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது.

9. எண்களை இப்படிப் படிக்கலாம். வெளியே 32 டிகிரி வெயிலில், பாரத்தோடு ஓடிய பிறகு ஆக்ஸில் 70 முதல் 90 காட்டினால் நிம்மதியாக இருங்கள். அடிக்கடி 100-ஐத் தொட்டால் எண்ணெய் சீக்கிரம் முதுமை அடைகிறது என்று அர்த்தம். தொடர்ந்து 120 என்றால் சாதாரண கனிம எண்ணெய் தாங்காது, வண்டியைப் பட்டறைக்கு விடுங்கள். வெளிச்சுவரைத்தான் அளக்கிறோம், உள்ளே எண்ணெய் இன்னும் கொஞ்சம் கூடுதல் சூட்டில் இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

10. சூட்டில் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. கையேட்டில் 40,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால், 90-ஐத் தாண்டாத வண்டிக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். 100-ஐத் தொட்டுத் தொட்டு வரும் வண்டிக்கு 20,000-லேயே மாற்றுங்கள். கடுமையான பயன்பாட்டுக்கென்று கையேட்டிலேயே தனிப் பத்தி இருக்கும், அதையும் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

11. அதே பாரம், அதே பாதை, ஆனால் போன மாதத்தைவிட 15 டிகிரி கூடுதல் என்றால் எண்ணெயைக் குறை சொல்வதற்கு முன் அளவைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஆறிய பிறகு, ஊற்றும் துளைக்குள் விரலை மடக்கிவிட்டால் துளையின் கீழ் விளிம்போடு எண்ணெய் தட்டுப்பட வேண்டும். குறைந்தாலும் சூடு, கழுத்துவரை நிரப்பினாலும் கலக்கிக் கலக்கிச் சூடுதான்.

12. ஒரே நாளில் திடீரென்று எகிறிய சூடு எண்ணெய் பழசானதால் வருவதில்லை. டிரைவ் ஷாஃப்ட் நுழையும் மூக்குப் பகுதி மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பேரிங்கைச் சந்தேகியுங்கள். இப்படிப்பட்ட நேரத்தில் புது எண்ணெய் ஊற்றுவது வீண் காசு.

13. வெப்பமானி கையில் இருக்கும்போதே இரண்டு பின்சக்கரங்களின் நடுப்பகுதியையும் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் 20 டிகிரிக்கு மேல் கூடுதல் என்றால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, இல்லையென்றால் அந்தப் பக்கத்துப் பேரிங் போகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டிப் பரிசோதனைக்குப் புஸ்பாக்கோமுக்குப் போகும் லோரிக்காரர்கள், போவதற்கு முந்தின வாரம் இதைச் செய்துவிட்டால் திரும்பத் திரும்ப அலைய வேண்டியதில்லை.

14. பின்னால் ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் தேய்ந்த டயர் போடாதீர்கள். சுற்றளவு வேறுபட்டால் நேர்ச்சாலையிலும் ஆக்ஸில் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள் ஓயாமல் சுழன்று சூடேறும். ஆக்ஸிலில் சேரும் ஒவ்வொரு டிகிரியும் நாம் காசு கொடுத்து வாங்கிய டீசல்தான். டயர் காற்றைச் சரியாக வைத்தாலே கொஞ்சம் மிச்சமாகும்.

15. கூலாய், கோத்தா திங்கிப் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் வண்டிகளுக்குச் சூட்டுக் கணக்கு மட்டும் போதாது. குறைந்த தூரம், மெதுவான ஓட்டம், அதனால் ஆக்ஸில் குளிர்ச்சியாகவே காட்டும்; ஆனால் ஓடைத் தண்ணீரும் சேறும் உள்ளே போயிருக்கும். இவர்கள் கிலோமீட்டரை விட்டுவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை எண்ணெய் நிறத்தைப் பார்ப்பது நல்லது.

16. ஆக்ஸில் மேலே மூச்சுவிடும் சின்ன மூடி ஒன்று இருக்கும். சேறு அடைத்துக்கொண்டால், சூட்டில் ஏறும் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் எண்ணெய் சீல் வழியாகக் கசியும். சீல் மாற்றக் காசு கொடுப்பதற்கு முன், ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அந்த மூடியைத் தேய்த்துப் பாருங்கள்.

17. நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழைக் காலம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். சூடான ஆக்ஸில் வெள்ளத்தில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து, மூச்சு மூடி வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். தண்ணீர் சக்கர நடுவைத் தொட்டிருந்தால் எண்ணெயைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் நிறம் வந்துவிட்டால் எத்தனை கிலோமீட்டர் மிச்சம் இருந்தாலும் அன்றே மாற்றுங்கள்.

18. சூடு குறைவாகவே இருக்கும் வண்டிக்கு விலை கூடிய சிந்தெடிக் எண்ணெய் தேவையில்லை. அடிக்கடி 100-ஐத் தொடும் வண்டிக்கு அது சூட்டை நன்றாகத் தாங்கும், அந்தக் கூடுதல் விலை வீண் போகாது. எதை வாங்கினாலும் கையேட்டில் உள்ள கெட்டித்தன்மை எண்ணும் ஜிஎல்-5 என்ற குறியும் டின்னில் இருக்கிறதா பாருங்கள்.

19. மிஞ்சிய ஜிஎல்-5 எண்ணெயைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் உள்ள பித்தளை வளையங்களுக்கு அது ஆகாது. இறுக மூடி, தேதி எழுதி வைத்தால் அளவு குறையும்போது ஊற்றிக்கொள்ளலாம்.

20. வடிக்கும் துளையைத் திறப்பதற்கு முன், ஊற்றும் துளை திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எல்லா எண்ணெயும் வடிந்த பிறகு மேல் துளை அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். கொஞ்சம் ஓட்டிவிட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பில் வடித்தால் கசடும் சேர்ந்து வந்துவிடும்.

21. வடிக்கும் துளை மூடியில் காந்தம் இருந்தால் அதை நன்றாகப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம்; நகத்தில் நெருடும் துணுக்கு இருந்தால் பல் உடைகிறது. நோட்டில் சூடு ஏறி, காந்தத்திலும் துணுக்கு இருந்தால் பட்டறைக்குப் போவதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

22. புது எண்ணெய்ப் புட்டியை அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். நம்ம ஊர் வெயிலில் அது இளகி, குழாய் வழியாகச் சரசரவென்று இறங்கும்; கைப்பம்பை அடித்து அடித்துத் தோள் வலிக்காது. துளை மூடியின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், அதில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

23. மூடியை முறுக்கியதும், மூடிக்கும் ஆக்ஸிலுக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் மூடி தளர்கிறது என்று குனிந்து பார்த்த உடனே தெரிந்துவிடும்.

24. பழைய எண்ணெயைச் சமையல் எண்ணெய்ப் புட்டியில் ஊற்றி, பெரிதாகப் பெயர் எழுதி, பழைய எண்ணெய் எடுக்கும் பட்டறையில் கொடுங்கள். அது எஸ்டபிள்யூ 305 என்று சட்டம் பட்டியலிட்ட கழிவு. சாக்கடையில் ஊற்றுவது குற்றம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூடினார்கள், மூச்சுத் திணறியவர்கள் நம் பிள்ளைகள்.

25. கியர் எண்ணெயின் கந்தக வாடை சட்டையில் ஏறினால் லேசில் போகாது. மற்றத் துணியோடு போடாமல், கறையில் பாத்திரம் கழுவும் திரவத்தை நேராகத் தேய்த்து அரை மணி நேரம் விட்டு, தனியாக அலசி வெயிலில் காயப்போடுங்கள். வாடை மிச்சம் இருந்தால் அந்தச் சட்டையை அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கென்றே மடித்து வையுங்கள்.